மின்சாரக் கட்டணமும் மறுமைக் கணக்கும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய அருளும் சாந்தியும் நம் கண்மணி நாயகம் முஹம்மது ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசாத வாய் இன்று நம் கடைத்தெருவில் இல்லை. தேக்காவில் காய்கறி விற்பவரும் பேசுகிறார். சிராங்கூன் ரோட்டில் மளிகை வைத்திருப்பவரும் பேசுகிறார். பரோட்டாக் கல்லின் முன்னால் நிற்பவரும் பேசுகிறார். “இதில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது? பில் வந்தால் கட்ட வேண்டியதுதானே!” என்று சிலர் கேட்கலாம். பேச நிறைய இருக்கிறது என்பதே என் எண்ணம். நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதையும் கல்லாப் பெட்டியின் முன் உட்கார்ந்து கண்டதையும் சேர்த்து உங்கள் முன் வைக்கிறேன்.

திருமறையில் ‘அல்வாகிஆ’ என்னும் அத்தியாயத்தில் அல்லாஹ் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறான். நாம் மூட்டுகிற நெருப்பைக் கவனித்தோமா? அதற்குரிய மரத்தை உண்டாக்கியவர்கள் நாமா, அவனா? அந்த நெருப்பை ஒரு நினைவூட்டலாகவும் வழிப்போக்கர்களுக்குப் பயனாகவும் ஆக்கியிருப்பதாக அவன் அறிவிக்கிறான். அன்று மரம்; இன்று எரிவாயு. பெயர் மாறிற்றே தவிர, படைத்தவன் மாறவில்லை.

நம் சிங்கப்பூரின் கதையையே எடுத்துக் கொள்ளுங்கள். 1862-ல் காலாங்கில் எரிவாயு ஆலை ஏற்பட்டு, பின்னர் அதனால் தெரு விளக்குகள் எரிந்தன. 1906-ல் சில தெருக்களுக்கு மின்சார விளக்கு வந்தது. இன்று நம் மின்சாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு இயற்கை எரிவாயுவை எரித்தே கிடைக்கிறது. அந்த எரிவாயு நம் மண்ணில் பிறப்பதன்று. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய் வழியாக வருகிறது. 2013 முதல் ஜூரோங் தீவில் உள்ள துறையில் திரவமாகக் கப்பல்களிலும் வந்து இறங்குகிறது. ஆகவே உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நெருப்புக்கு விலை ஏறினால், நம் வீட்டு விளக்கிலும் அது தெரிகிறது.

அப்படித்தான் நடந்தது. 2021-ல் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபின் மேலும் ஏறியது. 2020 ஜூலை முதல் செப்டம்பர் வரை வீட்டு மின்சாரம் யூனிட் ஒன்றுக்கு, வரி நீங்கலாக, 19.60 காசு. 2022-ல் அதே மூன்று மாதங்களில் 30.17 காசு. இரண்டே ஆண்டுகளில் பாதிக்கு மேல் ஏற்றம்! பொருள் சேவை வரி 2023-ல் நூற்றுக்கு 8 ஆகவும், 2024-ல் 9 ஆகவும் உயர்ந்தது. டன் ஒன்றுக்கு 5 வெள்ளியாக இருந்த கரிம வரி 2024-ல் 25 வெள்ளியாயிற்று. 2026-க்கு 45 வெள்ளி என்று வகுக்கப்பட்டது. 2021 அக்டோபர் முதல், மின்சாரம் விற்ற சில நிறுவனங்கள் கொள்முதல் விலை தாங்காமல் சந்தையை விட்டே விலகின. மலிவான ஒப்பந்தம் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த பல குடும்பங்கள் ஒரே நாளில் வேறு விலைக்கு மாற வேண்டியதாயிற்று.

இதைக் கணக்காகப் பார்ப்போம். மாதம் 400 யூனிட் எரிக்கும் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். முன்னைய விலையில் 78 வெள்ளி 40 காசு. பின்னைய விலையில் 120 வெள்ளி 68 காசு. மாதத்துக்கு 42 வெள்ளி 28 காசு கூடுதல். வசதி உள்ளவனுக்கு இது ஒருநாள் விருந்துச் செலவு. கணவனை இழந்து பிள்ளைகளோடு இரண்டு அறை வீட்டில் இருக்கும் சகோதரிக்கோ, இது ஒரு மாதத்து அரிசியும் பருப்பும் ஆகும். ஒரே விலையேற்றம் ஒருவனுக்குக் கொசுக்கடி, மற்றொருவனுக்குப் பாம்புக்கடி!

இனி நம் கடைக் கணக்குக்கு வருவோம். மாதம் 4,000 யூனிட் எரிக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு, அதே விலையில், கூடுதல் செலவு 422 வெள்ளி 80 காசு. பெரிய தொகைதான், மறுக்கவில்லை. அந்தக் கடையில் நாளொன்றுக்கு 500 தட்டு விற்கிறது என்றால் மாதத்துக்கு 15,000 தட்டு. தட்டு ஒன்றுக்கு மின்சாரத்தால் ஏறியது 3 காசுக்கும் குறைவு. 100 தட்டுத்தான் விற்கிறது என்றாலும் ஏறத்தாழ 14 காசுதான். அப்படியிருக்க, தட்டுக்கு 50 காசு ஏற்றிவிட்டு, கேட்டவரிடம் “என்ன செய்வது பாய், கரண்ட் பில் ஏறிவிட்டது” என்று சொன்னால், அந்தச் சொல் உண்மையா?

தவறாக எண்ணிவிடாதீர்கள். விலையை ஏற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாடகை ஏறுகிறது, எண்ணெய் ஏறுகிறது, ஆள் சம்பளம் ஏறுகிறது. நியாயமான லாபம் வைப்பதையும் மார்க்கம் தடுக்கவில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் நபிகள் நாயகத்திடம் வேண்டினார்கள். விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் அல்லாஹ்தான் என்று நாயகம் கூறினார்கள். உயிரிலோ பொருளிலோ தமக்கு அநீதி செய்ததாக எவரும் வழக்குக் கொண்டு வராத நிலையில் அல்லாஹ்வைச் சந்திக்கவே தாம் விரும்புவதாகவும் கூறினார்கள். இந்தச் செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. விலை தானாக ஏறுவது அல்லாஹ்வின் நாட்டம். அந்த ஏற்றத்தை முகமூடியாக அணிந்து கொண்டு மக்களின் காசைப் பறிப்பது நம்முடைய அநீதி. இரண்டுக்கும் உள்ள தூரத்தை மறந்துவிடலாகாது.

ஆகையால், ஏற்ற வேண்டுமென்றால் ஏற்றுங்கள். எதற்காக ஏறுகிறது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி உள்ளதை விளக்கினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், பொய் பேசி மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் நாயகம் எச்சரித்திருப்பதாக புகாரியில் காண்கிறோம். பரக்கத் போன கல்லாவில் எவ்வளவு விழுந்தால்தான் என்ன?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று, இரவில் கடையைப் பூட்டும்போது இறைச்சிப் பெட்டியின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகிற எண்ணம் சிலருக்கு வரக்கூடும். காலையில் மீண்டும் போட்டால் இறைச்சி மறுபடி உறைந்து கல்லாகிவிடும், பார்ப்பவருக்குத் தெரியாது. உள்ளே அது இரவெல்லாம் என்ன ஆயிற்று என்பது தின்றவர் வயிற்றுக்குத்தான் தெரியும். நாயகம் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரலில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று கூறிவிட்டார்கள். மேலே உலர்ந்தது, உள்ளே ஈரம். மேலே உறைந்தது, உள்ளே கெட்டது. இரண்டும் ஒரே குவியல் அல்லவா?

அறைகளை உள்வாடகைக்கு விட்டிருப்பவர்களும் சற்றுச் செவி சாய்க்க வேண்டுகிறேன். மீட்டர் ஒன்று, குடியிருப்போர் பலர். வந்த பில்லைக் காட்டாமல், “இந்த மாதம் ஆளுக்கு இவ்வளவு” என்று கேட்டு, மொத்தப் பில்லுக்கு மேலே வசூலித்து மிச்சத்தை மடியில் கட்டிக் கொண்டால், அது வாடகையும் அல்ல, லாபமும் அல்ல. பிறர் பொருளை வீணான வழியில் உண்பதாகும். ஊருக்குப் பணம் அனுப்பக் காத்திருக்கும் தொழிலாளியின் காசு அது. பில்லைச் சுவரில் ஒட்டுங்கள்; பங்கைக் கணக்கிட்டு வாங்குங்கள். தீர்ந்தது.

அடுத்தது விரயம். இரவில் உறங்கப் போகும்போது விளக்குகளை அணைத்துவிடும்படி நாயகம் கட்டளையிட்டிருக்கிறார்கள். எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்பது அதற்குச் சொன்ன காரணம். எலிக்குப் பயந்து அணைத்தார்கள் அன்று. பில்லுக்குப் பயந்தாவது நாம் அணைக்கலாகாதா? வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருமறை கண்டிக்கிறது. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் தமிழ்ப் பழமொழி. ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற ஹதீஸ் இப்னு மாஜாவில் வருகிறது.

ஆகவே, இறைச்சிப் பெட்டிக் கதவின் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ஏர்கான் வடிகட்டியைக் கழுவுங்கள். கடைக் கதவைத் திறந்து போட்டுத் தெருவுக்குக் குளிரூட்ட வேண்டாம். புதிய பெட்டி வாங்கும்போது விலையை மட்டும் பாராமல், அதில் ஒட்டியிருக்கும் மின்சாரச் சிக்கன அடையாளத்தில் எத்தனை குறி என்று பாருங்கள். விலை சற்றுக் கூடினாலும் பில்லில் திரும்பி வரும். உணவுக் கடைகளும் சில்லறைக் கடைகளும் சிக்கனமான சாதனங்களை வாங்க, செலவில் நூற்றுக்கு 70 பங்கு வரை உதவும் அரசாங்க மானியம் 2022 செப்டம்பரில் தொடங்கிற்று. இத்தகைய உதவிகள் இப்போது எந்த நிலையில் உள்ளன என்பதை விசாரித்துப் பயன்படுத்திக் கொள்ளுங்கள். விண்ணப்பப் படிவம் படிக்கத் தெரியாத சிறு கடைக்காரருக்கு, தெரிந்த இளைஞர்கள் நிரப்பிக் கொடுத்தால் அதுவும் ஒரு தருமமே.

கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்களைப் பற்றி வரலாற்றில் பிரசித்தமான ஒரு செய்தி உண்டு. அரசாங்க வேலை பார்க்கும்போது பொதுப் பணத்தின் விளக்கை எரிப்பார்கள். சொந்தப் பேச்சு வந்தால் அதை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றுவார்கள். நாமோ ‘ஊரான் வீட்டு நெய்யே’ என்கிற ரகம்! வீட்டில் விசிறியை நிறுத்துகிறவர், சங்க மண்டபத்தில் பேச்சு முடிந்து அரைமணியானாலும் ஏர்கானை நிறுத்துவதில்லை. டன்லப் ஸ்திரீட் அப்துல் கபூர் பள்ளியானாலும், சௌத் பிரிட்ஜ் ரோட்டில் 1826-ல் ஏற்பட்ட சூலியாப் பள்ளியானாலும், அங்கே எரியும் ஒவ்வொரு விளக்கும் யாரோ ஒருவருடைய நன்கொடை. கடைசியாக வெளியேறுபவர் சுவிட்சைத் தேடட்டும்.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் கூட்டாளிகள் என்று நாயகம் கூறியதாக அபூதாவூதில் வருகிறது. ‘அல்மாஊன்’ அத்தியாயத்தில், அண்டை வீட்டாருக்கு அற்பப் பொருளையும் கொடாமல் தடுப்போரை அல்லாஹ் கண்டிக்கிறான். பானை, வாளி போன்றவற்றை அதற்கு உதாரணமாக விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். அந்நாளில் அண்டை வீட்டுப் பெண் நெருப்பு கேட்டு வந்தால் ஒரு கொள்ளியை எடுத்துக் கொடுப்பார்கள். இந்நாளில் யாரும் நெருப்பு கேட்டுக் கதவைத் தட்டுவதில்லை. பில் பாக்கியை மறைத்துக் கொண்டு, விளக்கைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்காதவருடைய தேவையைக் கண்டறிவதே இன்றைய மாஊன்.

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையாரில் கடன்பட்டோரும் ஒருவர் என்பது நமக்குத் தெரியும். மின்சாரப் பாக்கியில் சிக்கிய ஏழைக் குடும்பம் அதில் அடங்குமா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். இஸ்லாமிய சமய மன்றத்தின் உதவிக்கு வழிகாட்டுங்கள். ஸதகாவுக்கோ எந்தக் கேள்வியும் தேவையில்லை. சிக்கனத்தால் உங்கள் பில்லில் 40 வெள்ளி மிஞ்சியதா? அதில் ஒரு பகுதியை, பெயர் சொல்லாமல், ஒரு வீட்டின் பாக்கிக்குச் செலுத்துங்கள். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரிய வேண்டாம்.

சகோதரர்களே! நம் வீட்டு மீட்டர் எவ்வளவு எரித்தோம் என்பதை மட்டுமே காட்டும். எதற்காக எரித்தோம், அதைச் சொல்லி யாரிடம் எவ்வளவு வாங்கினோம், யார் வீடு இருண்டிருக்க நாம் ஒளியில் இருந்தோம் என்பதைக் காட்டும் ஏடு வேறு ஒன்று இருக்கிறது. அந்த ஏட்டில் பாக்கி வைத்தால் தவணை கிடையாது.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைப்பாயாக! எங்கள் நாவில் உண்மையையும் கடைகளில் பரக்கத்தையும் தருவாயாக! இருண்ட வீடுகளில் ஒளியேற்றும் கைகளாக எங்கள் கைகளை ஆக்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.