மரத்தடியில் ஒரு மாணவன்

விளையாட்டு நேர மணி ஒலிக்கிறது. மாணவர் கூட்டம் மடை திறந்த வெள்ளமெனத் திடலுக்குப் பாய்கிறது. ஒருவன் மட்டும் வேப்பமரத்தடியில் அமர்கிறான், தோழர்களின் செருப்புகளுக்குக் காவலாக! ஒரு கால் வலுவிழந்தவன். ஆகவே அவனுக்கு 'விலக்கு'. விலக்களித்த ஆசிரியர் கொடியவர் அல்லர், இரக்கமுள்ளவர். அந்த இரக்கத்தைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

ஊனத்திற்குக் காரணம் முன்வினை என்றனர் வைதிகர். இளம்பிள்ளை வாதத்திற்கும் அதே விளக்கந்தான். அந்நோயின் இயற்கைக் கிருமி இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தையை முடக்கியது 2011 சனவரியில். அதன்பின் பிறந்த கோடானுகோடிக் குழந்தைகளும் முற்பிறப்பில் புண்ணியசாலிகளோ? சொட்டு மருந்துக்கு அஞ்சி ஓடுவது வினையா, கிருமியா?

வினைப் பேச்சு ஓய்ந்தாலும் அதன் எச்சம் ஓயவில்லை. "ஐயோ, பாவம்!" என்கிறோமே, அச்சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே! குற்றத்திற்கும் அதே சொல். இரக்கத்திற்கும் அதே சொல். மாற்றுத்திறனாளி எனப் பெயர் மாற்றினோம், நன்று. மரத்தடி மாறவில்லையே!

ஊனமுற்றோரை வாழத் தகாதவர் எனக் கொன்று குவித்த இட்லரின் செர்மனியிலிருந்து 1939இல் தப்பியவர், யூத மருத்துவர் லுட்விக் குட்மன். இங்கிலாந்தின் சுடோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடம் முறிந்த போர்வீரர்கள் அவர் பொறுப்பில் வந்தனர். படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் மாள்வதே அத்தகையோர் விதி என்று மருத்துவ உலகம் கைவிட்ட காலம் அது. குட்மன் புண்ணை ஆற்றினார். பின் பந்தையும் வில்லையும் கையில் கொடுத்தார், பொழுதுபோக்காக அன்று, மருத்துவமாக! வில்லை வளைக்கும் தோள்தானே சக்கர நாற்காலியையும் உருட்ட வேண்டும்? 1948 சூலை 29, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அங்கு 16 பேர் அம்பெய்தனர். பாராலிம்பிக் முளைத்தது அந்த வித்திலிருந்துதான்.

ஓடும் சிறுவனுக்குத் தெருவே திடல். மரத்தடிச் சிறுவனுக்குப் பள்ளியை விட்டால் வேறு திடல் ஏது? எவனுக்கு மிகுதியாகத் தேவையோ, அவனுக்கே விலக்கு! ஊனமுற்ற பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. விளையாட்டில் சமவாய்ப்பை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே பள்ளிகளின் கடமையாக்கிற்று. சலுகை கேட்கவில்லை; சட்டம் தந்ததைக் கேட்கிறோம்.

விழுந்துவிட்டால் என்பீர். விழாத பிள்ளை எந்தத் திடலில் உண்டு? வலையை 1.15 மீட்டருக்கு இறக்கிக் கட்டினால் அமர்ந்தபடியே கைப்பந்து ஆடலாம். காலுள்ளவர்களும் உடன் அமர்ந்து ஆடட்டுமே! செருப்புகளுக்கு யார் காவல் என்கிறீர்களா? அவை மரத்தடியில் தாமே கிடக்கும்.