மூன்றாவது தடவைக்குப் பிறகு

சென்ற வருடம் ஓர் இரவு. இஷாத் தொழுதுவிட்டு வந்து மாணவர்களின் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அமெரிக்காவிலிருந்து மச்சான் பேசினார். என் மனைவியின் மூத்த சகோதரர் அவர். நியூயோர்க் நகரத்தின் ஸ்டேட்டன் தீவில் குடும்பத்தோடு இருக்கிறார். இலங்கையர் செறிந்து வாழும் இடம் அது. சுகம் விசாரித்து முடிவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மச்சான், நீங்க ஒரு மாஸ்டர். உங்கட மருமகளுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும். வரலாறு படிக்கிறன் எண்டு நாலு வருஷம் படிச்சா. பட்டமும் எடுத்தாச்சி. இப்ப டொக்டராகப் போறாவாம். முதல்ல இருந்து இரசாயனம் படிக்கிறாவாம். நாலு வருஷமும் வீணாப் போச்சே!"

பேசிப் பார்க்கிறேன் என்றேன். என்ன பேசவேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. ஏனெனில் பதில் என்னிடம் ஆயத்தமாக இருந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்லிவந்த பதில்தான் அது: "காலம் கடந்துவிட்டது மகள். வேறு பாதையைப் பார்."

இரண்டு நாள் கழித்து மருமகளோடு பேசினேன். அவளுடைய தமிழ் தடுமாறும். ஆனால் எண்ணம் தடுமாறவில்லை. அவள் சொன்னதிலிருந்து முதலில் நான் விளங்கிக்கொண்டது, அங்குள்ள முறையே வேறு என்பதுதான். நம் நாட்டில் உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு மருத்துவ பீடத்தின் கதவு திறக்கும் அல்லது மூடும். அங்கே பெரும்பாலும் நான்கு வருடப் பட்டம் ஒன்றை முடித்த பின்னர்தான் நான்கு வருட மருத்துவக் கல்வி. அந்தப் பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் உயிரியல், பொது இரசாயனம், சேதன இரசாயனம், பௌதிகம் ஆகியவற்றை ஆய்வுகூடப் பயிற்சியோடு படித்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. இவற்றைப் படிக்காமல் வரலாறோ இலக்கியமோ படித்துப் பட்டம் பெற்றவர்கள், அதன் பின்னர் ஒன்றிரண்டு வருடங்கள் செலவிட்டு இவற்றை மட்டும் படிக்கிறார்கள். அதற்கென்றே பல்கலைக்கழகங்களில் தனி வகுப்புகள் உண்டு.

பிறகு 'எம்கற்' என்ற அனுமதிப் பரீட்சை. இடைவேளைகளையும் சேர்த்தால் ஏழரை மணித்தியாலம். 2015இல் புதுப்பிக்கப்பட்ட அந்தப் பரீட்சையில் நான்கு பகுதிகள். அவற்றில் ஒன்றில் விஞ்ஞானமே இல்லை. தத்துவம், வரலாறு, சமூகவியல் போன்ற துறைகளிலிருந்து பந்திகளைக் கொடுத்து, எழுதியவர் என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கேட்பார்கள். "அந்தப் பகுதி மட்டும் எனக்கு லேசு மாமா" என்று சிரித்தாள். பகலில் ஒரு வைத்தியசாலையில் வேலை. வைத்தியர் நோயாளியோடு பேசும்போது பக்கத்திலிருந்து குறிப்புகளைப் பதிவுசெய்வது. இரவில் இரசாயன வகுப்பு.

ஏன் மகள் இந்தத் திடீர் ஆசை என்று கேட்டேன். திடீர் இல்லை என்றாள். 2020ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நியூயோர்க்கில் கொரோனா பரவியபோது மச்சான் பதினொரு நாட்கள் வைத்தியசாலையில் இருந்திருக்கிறார். வீட்டார் எவரையும் உள்ளே விடவில்லை. யாரோ ஒரு தாதி தினமும் தொலைபேசியை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிய மூன்று வருடம் எடுத்தது மாமா. அது பிழையா?"

மச்சான் இந்தக் கதையை எனக்குச் சொல்லவேயில்லை. ஆயத்தமாக வைத்திருந்த பதிலை அன்று என்னால் சொல்ல முடியவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்குக் காரணம் மருமகள் அல்ல; நான் அதே பதிலைச் சொல்லி அனுப்பிய வேறொரு பிள்ளை.

எட்டாம் தரம் முதல் சாதாரணதரம் வரை என்னிடம் விஞ்ஞானம் படித்தவள் அவள். உயர்தரத்துக்கு நகரத்துப் பாடசாலைக்குப் போனாள். மூன்று தடவையும் தோற்றினாள். மூன்றாவது தடவை அவளுடைய இஸட் புள்ளிக்கும் மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்கும் இடையிலான வித்தியாசம் தசமத்துக்குப் பிறகு இரண்டாம் இலக்கத்தில்தான் இருந்தது. உம்மாவும் வாப்பாவும் அவளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு விறாந்தைக்கு வந்தார்கள். "சேர், இனி வழியே இல்லையா?" என்றாள். நான் சொன்னேன்: "நஸீபு அவ்வளவுதான் மகள். உனக்கு எழுதியது வேறு." உம்மாவும் வாப்பாவும் ஆறுதலடைந்து எழுந்து போனார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வை மட்டும் ஆறுதலடைந்தவளின் பார்வை அல்ல.

அவள் விஞ்ஞானப் பட்டதாரியானாள். பட்டம் பெற்ற வருடம் மறுபடியும் வந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவம் படிக்கலாமா, வாப்பா காணியை விற்கத் தயார் என்றாள். அந்தப் படிப்புக்கு எத்தனை வருடம், திரும்பி வந்து இலங்கை மருத்துவ சபையின் பரீட்சை, அதன் பின் ஒரு வருட உள்ளகப் பயிற்சி என்று விரல் மடித்து எண்ணிக் காட்டினேன். ஆனால் செலவு எவ்வளவு, கடன் எங்கே கிடைக்கும், எந்தப் பல்கலைக்கழகத்தை நம் மருத்துவ சபை அங்கீகரிக்கிறது என்று ஒன்றையும் விசாரித்துச் சொல்லவில்லை. விரல் முடிந்ததும் பழைய வசனத்தையே சொன்னேன்: "காலம் கடந்துவிட்டது மகள்."

இப்போது கேட்டுப் பார்க்கிறேன்: அது அவளுக்காகச் சொன்ன புத்தியா, எனக்காகச் சொன்னதா?

நானும் டொக்டராக ஆசைப்பட்டவன்தான். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக இருந்த கடைசி வருடங்களில் இரண்டு தடவை உயர்தரம் எழுதினேன். மூன்றாவது தடவை எழுதவில்லை. வாப்பா மௌத்தானார், வீட்டில் உழைப்பவர் இல்லை. ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். அந்தத் தொழில் எனக்குச் சோறும் மரியாதையும் தந்தது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் நான் எழுதாத அந்த மூன்றாவது தடவை உள்ளே ஒரு மூலையில் கிடந்தது. நான் திறக்காத கதவு எவராலும் திறக்க முடியாததாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி. என்னுடைய இந்தத் தேவைக்கு நஸீபு என்று பெயர் வைத்து ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றினேன்.

இந்த இடத்தில் நம் நாட்டு விதியை ஏசிவிட்டுப் போவது சுலபம். அது நியாயமாகாது. 1945இல் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால், என் மாணவி மூன்று தடவை அல்ல, ஒரு தடவைகூட அந்தக் கதவருகே போயிருக்கமாட்டாள். பல்கலைக்கழக அனுமதியில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற ஏற்பாட்டால் எங்கள் அம்பாறை மாவட்டப் பிள்ளைகள் அடைந்த பயன் கொஞ்சமல்ல. இடங்களோ குறைவு. செலவு ஊர்ப் பணம். ஒருவர் நான்காவது தடவையும் வரிசையில் நின்றால் பின்னால் நிற்கும் இளையவரின் இடம் போகும். மூன்று தடவை என்ற வரையறையில் ஒரு நீதி உண்டு. அது வரிசையின் நீதி.

அமெரிக்காவின் தாராளமும் இலவசமல்ல. கடன் வாங்கி மருத்துவம் படித்து வெளியேறுகிறவர்களின் கடன் நடுவளவில் சுமார் 2 இலட்சம் டொலர். பட்டத்துக்குப் பிறகு படிக்கும் இந்த ஆயத்த வருடங்களுக்கும் பணம் கட்டவேண்டும். மருமகள் அந்நாட்டுப் பிரஜை. அதனால் கதவு தட்டுகிறாள். அங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் பல, வெளிநாட்டு மாணவரின் விண்ணப்பத்தை ஏற்பதேயில்லை. நாங்கள் முதல் வாய்ப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு இரண்டாவது வாய்ப்பை மறுக்கிறோம். அவர்கள் இரண்டாவது வாய்ப்பை விலைக்கு விற்கிறார்கள். அங்கும் எல்லை இல்லாமலில்லை. எம்கற் பரீட்சையை ஒருவர் தன் வாழ்நாளில் ஏழு தடவைதான் எழுதலாம். அங்கே ஏழு, இங்கே மூன்று.

ஆகவே எல்லை இருப்பது பிழையல்ல. எல்லை எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதுதான் கேள்வி. 'உனக்குத் தர இடமில்லை' என்று ஒரு விதி சொல்லலாம். 'உனக்குத் தகுதியில்லை' என்று சொல்ல அதற்கு உரிமையில்லை. 'இறைவன் உனக்கு எழுதவில்லை' என்று சொல்ல விதிக்கும் உரிமையில்லை, விதியின் பக்கத்தில் நிற்கும் வாத்தியாருக்கும் உரிமையில்லை. கழா கத்ரை நம்புகிறவன் நான். நடந்து முடிந்ததைத் தாங்கிக்கொள்ளத்தான் அந்த நம்பிக்கை மனிதனுக்குத் தோள் கொடுக்கிறது. இன்னும் நடக்காத ஒன்றைக் கைவிடச் செய்வதற்கு அதைப் பாவிப்பது, எழுதப்பட்ட ஏட்டை நான் வாசித்துவிட்டேன் என்று சொல்வதற்குச் சமம்.

கதவை நிறுத்துகிறவர்கள் நல்ல எண்ணத்தோடும் நிறுத்தலாம். அமெரிக்க மருத்துவக் கல்வியை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு ஏப்ரஹாம் பிளெக்ஸ்னர் என்பவருடையது. அவர் வைத்தியர் அல்ல. லூயிவில் நகரத்தில் பாடசாலை நடத்திய ஆசிரியர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்வையிட்டு 1910இல் அறிக்கை எழுதினார். ஆய்வுகூடமே இல்லாத, கட்டணத்துக்காகப் பட்டம் கொடுத்த கல்லூரிகள் பல மூடப்பட்டன. நோயாளிகளுக்கு அது நன்மை. ஆனால் கறுப்பின மாணவருக்கென்று அப்போது இருந்த ஏழு கல்லூரிகளில் ஐந்தும் பின்வந்த வருடங்களில் மூடுண்டு போயின. தரம் என்பது நல்ல சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்ப்பது, அதைச் சொல்லுகிற ஆசிரியனின் கடமை.

மச்சானின் 'வீண்' என்ற சொல்லுக்கும் பதில் வேண்டும். நியூயோர்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி, கலைத்துறை மாணவர் சிலரை வழமையான விஞ்ஞானப் பாடங்களும் எம்கற்றும் இல்லாமலே சேர்க்கும் திட்டமொன்றை 1987இல் தொடங்கியது. அவர்களுடைய பெறுபேறுகளை ஏனையோரின் பெறுபேறுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளியானது. மருத்துவப் படிப்பில் அவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே தேறியிருந்தார்கள். நமக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. ஞானிக்கும் வைத்தியருக்கும் ஹகீம் என்று ஒரே சொல்லை வழங்கிய மரபு நம்முடையது. அல்பர்ட் ஷ்வைட்சர் தன் முப்பதாவது வயதில், ஸ்ட்ராஸ்பேர்க்கில் இறையியல் விரிவுரையாளராக இருந்துகொண்டே, மருத்துவ மாணவராக உட்கார்ந்தார். 1913இல் ஆபிரிக்காவின் லம்பரீனுக்கு வைத்தியராகப் போனார். அவருடைய மனவுறுதியைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சக பேராசிரியர்கள் தங்கள் விரிவுரைகளுக்கு அவரிடம் கட்டணம் வாங்கவில்லை என்பதை நான் கூடுதலாக நினைத்துக்கொள்கிறேன். இரண்டாவது தடவை தொடங்குகிறவனை யாரோ ஒருவர் தாங்கவேண்டியிருக்கிறது.

மச்சானிடம் அடுத்த வாரம் சொன்னேன்: "அவளைத் தடுக்க என்னிடம் நியாயமில்லை மச்சான். உங்களிடம் காசு இருக்கா இல்லையா என்று மட்டும் அவளுக்கு உண்மையாகச் சொல்லுங்க." கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அந்தத் தாதியிட பேர்கூட நான் கேக்கல்ல" என்றார்.

என் பழைய மாணவி இப்போது பக்கத்து ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. வலயக் கல்வி அலுவலகத்தில் நடந்த கருத்தரங்கொன்றில் சந்தித்தோம். தேநீர் இடைவேளையில் தனியே அழைத்து, அன்று நான் சொன்னது பிழை, மன்னிக்க வேண்டும் என்றேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சேர், போகாதே எண்டு நீங்க சொன்னது பிழை எண்டு நான் நினைக்கல்ல. காணியை வித்திருந்தா தங்கச்சிமார் என்னாகியிருப்பாங்களோ தெரியா. ஆனா நீங்க முழுக் கணக்கையும் சொல்லியிருக்கலாம். நஸீபு எண்டு சொன்னதால நான் கணக்கே பார்க்கல்ல."

மருமகள் இன்னும் பரீட்சை எழுதவில்லை. அவள் டொக்டராகலாம், ஆகாமலும் போகலாம். என்னிடம் இப்போது வருகிற பிள்ளைகளுக்கு ஒரு தாளை எடுத்துக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். எத்தனை தடவை மிச்சம், எத்தனை வருடம், எவ்வளவு பணம், அந்தப் பணம் யாருடையது, வேறு என்ன வழிகள். தெரியாததை விசாரித்து எழுதுகிறேன். கடைசியில் கூட்டி விடை எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, தாளைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறேன்.