ஏற்றுக்கொண்டவரின் தவம்

கோயில் பிரகாரத்தைச் சுற்றி வரும்போது உபயதாரர்களின் பெயர்கள் கண்ணில் படும். கல்தூணில் இருக்கும், மின்விசிறியில் இருக்கும், அன்னதானக் கூடத்துப் பலகையிலும் இருக்கும். கொடுத்தவரை நினைவில் வைப்பது நல்ல மரபு. கொடுக்கும் மனம் அதனால் இன்னும் வளர்கிறது. ஆனால், அந்த உதவியைப் பெற்றுத் துயரைக் கடந்து எழுந்து நின்றவர்களின் பெயரை நாம் எங்கும் எழுதிவைப்பதில்லை. அவர்கள் ஆற்றிய செயல் கொடுத்தவரின் செயலைவிடக் கடினமானது. அவர்களை எப்படிப் போற்றுவது என்று சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கலாம்.

அதற்கு ஒரு பழைய கட்டடத்தின் கதை உதவும். சென்னை மெரினா கடற்கரைக்கு எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம், 1842-ல் ஐஸ் ஹவுஸாகத் தோன்றியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய இடம் அது. 1897 பிப்ரவரியில், மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். ஏழையை நாராயணனாகவே கண்டு சேவை செய்யச் சொன்னவர் அவர். உதவ ஒரு வாய்ப்புத் தந்ததற்காக, கொடுத்தவர்தான் பெற்றவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவருடைய போதனை.

பல ஆண்டுகள் கழித்து, அந்தப் போதனையின்படி வாழ்ந்து காட்டிய ஓர் இல்லம் அதே கட்டடத்துக்கு வந்துசேர்ந்தது. அதை நடத்தியவர் சகோதரி சுப்பலட்சுமி. 1886-ல் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம். சிறிது காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார். பெற்றோர் அவரை வீட்டு மூலையில் உட்காரவைக்காமல் படிக்கவைத்தார்கள். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி ஆனார். மறு ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். நான்கு இளம் விதவைப் பெண்களோடு எழும்பூரில் ஆரம்பித்த இல்லம், பிறகு ஐஸ் ஹவுஸுக்கு இடம் மாறியது. அங்கே வந்த பெண்களைத் தாய்போலக் கவனித்துக்கொண்டவர் சுப்பலட்சுமியின் சித்தி வாலாம்பாள். அவரும் கணவரை இழந்தவர்தான்.

அந்த இல்லத்து வாசலுக்கு வந்த ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். தலையை மழித்திருப்பார்கள். நகையும் பூவும் பொட்டும் போயிருக்கும். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இவள் முகத்தில் விழித்தால் ஆகாது என்று சொந்த வீட்டாரே சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். கேட்டுக் கேட்டு, அது உண்மைதான் என்று அவளே நம்பத் தொடங்கியிருப்பாள்.

சங்கம் அவளுக்குச் சோறு போட்டது, தங்க இடம் தந்தது, பள்ளிக்கு அனுப்பியது. இவையெல்லாம் பெரிய உதவிகள். ஆனால் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து அரிச்சுவடியில் தொடங்கும் துணிவை யாரால் தர முடியும்? காலை வேளையில் தெருவில் நிமிர்ந்து நடக்கும் தைரியத்தை எந்த நன்கொடை வாங்கித் தரும்? அதை அவள்தான் தனக்குள்ளிருந்து எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தாள். அவளைப் போன்ற பலர் தேர்வெழுதித் தேறினார்கள், பயிற்சி முடித்து ஆசிரியைகள் ஆனார்கள். முகத்தில் விழிக்கக் கூடாது என்று ஊர் ஒதுக்கிய பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் வகுப்புப் பிள்ளைகள் காலையில் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

பிறர் நீட்டிய கையைப் பற்றுவது எளிதல்ல. பற்றும்போது மனம் கூசும். தகுதியில்லாதவன் என்ற நினைப்பு வரும். இந்தக் கடனை எப்படி அடைப்பேன் என்ற பாரம் அழுத்தும். இத்தனையையும் தாங்கி, பெற்றதை வீணாக்காமல் நாள்தோறும் உழைத்து மேலே வருவதும் தவம்தான். கொடுத்தவரின் தர்மத்துக்கு அந்த உழைப்புதான் முழுமை தருகிறது.

ஓர் அறக்கட்டளையின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். கல்வி உதவி பெற்றுப் பொறியியல் முடித்த ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்தார்கள். அப்பா இறந்தது, அம்மா இட்லி விற்றது, ஓலைக் குடிசை ஒழுகியது எல்லாவற்றையும் ஒருவர் ஒலிபெருக்கியில் உருக்கமாகச் சொன்னார். அரங்கம் கண்களைத் துடைத்தது. அந்தப் பெண் தன் துப்பட்டா நுனியை விரலில் சுற்றியபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழா முடிந்ததும் அவளிடம், "என்ன வேலைம்மா பாக்குறே?" என்று கேட்டேன். பாலங்களில் விரிசல் எங்கே விழும், அதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்று விடாமல் சொல்லத் தொடங்கினாள். மேடையில் குனிந்திருந்த தலை அப்போது நிமிர்ந்திருந்தது.

அழைத்தவர்களின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், ஒருவருடைய காயத்தை ஊரறியத் திறந்துகாட்டுவது மரியாதை ஆகாது. அதை எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது, சொல்லவே வேண்டுமா என்பதெல்லாம் அவருடைய விருப்பம். ஆண்டவன் நம் கதையைக் கேட்டுவிட்டா அருள்செய்கிறான்? கேளாமலே அறிந்திருக்கிறான், அறிந்தும் யாரிடமும் சொல்வதில்லை. மனிதர்களாகிய நாமும் அந்தக் குணத்தில் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம்.

ஆகவே, நலிந்தோருக்குக் கைகொடுக்கும் சங்கங்களையும் அறக்கட்டளைகளையும் நடத்தும் நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். எழுந்து நின்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்துங்கள். அது அவர்களுடைய உழைப்புக்காக இருக்கட்டும். கொடையாளர்களுக்கு இணையாக அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். இந்த ஆண்டு யாருக்கு என்ன உதவி செய்யலாம் என்று முடிவெடுக்கும் குழுவில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுப்பலட்சுமியும் வாலாம்பாளும் அந்தச் சிறுமிகளுக்கு எது வேண்டும் என்று அறிந்திருந்தார்கள் என்றால், அதே துயரை அவர்களும் உள்ளிருந்து பார்த்தவர்கள் என்பதால்தான். துன்பத்தைக் கடந்து வந்தவருக்கு நாம் செய்யக்கூடிய உயர்ந்த வணக்கம், அடுத்து வருபவரை நம்பிக்கையோடு அவரிடம் ஒப்படைப்பதே.