தோல் தூய்மையாகிறது, தண்ணீர்?



செத்த ஆட்டின் தோலும் பதனிடப்பட்டால் தூய்மையாகிவிடும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்த சட்டம். ஆகவே தோல் பதனிடுதல் இழிதொழிலன்று. அசுத்தம் நீக்கும் ஹலாலான தொழில். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது இதனால்தான். பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் இவ்வருவாயிலிருந்து வாரி வழங்கியோர் பலர்.

ஆனால், தோலைத் தூய்மையாக்கிய நாம் தண்ணீரை என்ன செய்தோம்?

முன்பு ஆவாரம் பட்டையால் பதனிட்டோம். பின்னர் குரோமிய உப்பு வந்தது. தோல் கெடாதிருக்கத் தடவிய உப்பும், மயிர் நீக்கும் சுண்ணாம்பும், குரோமியமும் கலந்த கழிவுநீர் பாலாற்றில் விடப்பட்டு, மணலில் இறங்கி, கிணறுகளில் ஊறியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாவதையும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதையும் சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் எடுத்துக் கூறிற்று. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டுமென்றும் விதித்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எனினும், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சேரவேண்டிய ஈட்டுக்காக 2025 ஜனவரி 30-ல் அதே கோர்ட் மறுபடியும் ஆணையிட நேர்ந்தது.

நஜீஸ் விழுந்து நிறமோ சுவையோ வாடையோ மாறிய நீரில் ஒளு கூடாது என்பதை நம் சிறுவர்களும் அறிவர். நம் ஹவுளுக்கு இவ்வளவு பேணுதல் காட்டும் நாம், அண்டை வயல்காரரின் கிணற்றுக்கு என்ன பேணுதல் காட்டினோம்? அவர் எம்மதத்தினராயினும் அண்டை வீட்டார் ஹக்கு அவருக்கு உண்டே!

தொழுகை, நோன்பு, ஜகாத்துடன் மறுமைக்கு வந்தும், பிறருக்கிழைத்த அநீதிக்காக நன்மைகளையெல்லாம் பறிகொடுத்து, அவர்களின் பாவங்களையும் சுமப்பவனே உண்மையான ஓட்டாண்டி என நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நாம் கொடுக்கும் ஸதகா, பிறர் கிணற்றைக் கெடுத்த கடனைத் தீர்க்காது. அது ஹக்குல் இபாத். உரியவர் மன்னித்தாலன்றி நீங்காது.

தொழிலை மூடச் சொல்லவில்லை. முதலாளிகளே! கழிவுநீரில் ஒரு சொட்டும் தவறாமல் சுத்திகரிப்புக்கு அனுப்புங்கள். மழை இரவில் ஓடையில் திறந்துவிட்டால் அதிகாரி அறியாதிருக்கலாம், அல்லாஹ் அறிவான். விதிக்கப்பட்ட ஈட்டை, கைமாற்றுக் கடனைப்போல் பாக்கியின்றிச் செலுத்துங்கள். தொழிலாளத் தோழர்களே! கண்டதை ஜமாஅத்தாரிடம் கூடிச் சொல்லுங்கள். தனியொருவர் பிழைப்பை இழக்காதிருக்க அவர்கள் துணை நிற்கட்டும். தாய்மார்களே! “இந்தப் பணத்தால் எவர் கிணறாவது கெட்டதா?” என்று வீட்டில் கேளுங்கள்.

உயிருள்ள அனைத்தையும் நீரிலிருந்து படைத்த வல்ல ரஹ்மான், அந்நீரைக் காக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.