தோற்றவன் பொய்யனா?



போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாங்கலில் உச்சிப்படிப்பு முடிந்து வீடு வந்து சேர்ந்த நேரம். இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகன் போனில் கூப்பிட்டான். "மாமா, கேசு தோத்துட்டேன்" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. பிறகு கேட்டான்: "அப்போ நான் பொய்யனா மாமா?"

அந்தக் கேள்விக்கு அன்றே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பல நாள் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். நம்மில் வழக்குக்குப் போய்த் தோற்றவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கும் இது ஆகும் என்று நினைக்கிறேன்.

அவன் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் ஏழு ஆண்டு இரவுப்பணி பார்த்தவன். எழுந்து நடமாட முடியாத முதியவர்களுக்குப் படுக்கைப்புண் வந்துவிடாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புரட்டியதும் நேரத்தை ஒரு தாளில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் இரவு ஆள் குறைவு. இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் போட வேண்டிய கையெழுத்தை ஒரு மணிக்கே சேர்த்துப் போட்டுவிட்டான். இரண்டு முறையும் போய்ப் புரட்டினேன் என்கிறான். சின்ன வயதிலேயே தன் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிக் காலைப் பிடித்துவிட்டவன் அவன், நான் நம்புகிறேன். ஆனால் மூன்று மணிக்கு வந்த மேற்பார்வையாளர் கண்ணில் நாலு மணிக் கையெழுத்து பட்டுவிட்டது. பொய்ப் பதிவு எழுதினான் என்று விசாரணை வைத்து, ஏழு வாரச் சம்பளத்தைக் கையில் கொடுத்து நீக்கினார்கள்.

அந்த நாட்டில் இப்படி நீக்கப்பட்டவர்கள் முறையிட எம்ப்ளாய்மென்ட் டிரிபியூனல் என்று ஒரு தீர்ப்பாயம் உண்டு. 1964-இல் வேறு பெயரில் தொடங்கியது. 1998-இல் இந்தப் பெயர் வந்தது. வக்கீல் இல்லாமல் சாதாரணத் தொழிலாளியே வந்து நின்று தன் வழக்கைச் சொல்லலாம். 2013-இல் இதற்குக் கட்டணம் வைத்தார்கள். அநியாயமாக நீக்கினார்கள் என்று முறையிட்டு விசாரணை வரை போக 1,200 பவுண்டு ஆகும். ஒரு தொழிற்சங்கம் அதை எதிர்த்துப் போனது. 2017 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணம் சட்டத்துக்குப் பொருந்தாது என்று தள்ளிவிட்டது. ஏழை நியாயம் கேட்கப் போகும் வாசலில் காசு கேட்டு நிற்கக்கூடாது என்று அங்கேயும் யாரோ போராட வேண்டியிருந்திருக்கிறது.

வாசல் திறந்திருந்தது, உள்ளே போனான். முதலில் சமரசத்துக்கான அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. முயன்றான், இல்லம் ஒத்துவரவில்லை. வக்கீல் வைக்கக் கையில் பணம் இல்லை. பகலில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு, இரவில் உட்கார்ந்து தன் வாக்குமூலத்தைத் தானே எழுதினான். முந்நூறு பக்கத்துக்கு மேல் ஆவணக்கட்டு. எதிர்த்தரப்பில் பாரிஸ்டர். தன்னை நீக்கிய மேலாளரை இவன் எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். கேள்விக்குப் பதிலாக வாயிலிருந்து வந்தது ஏழு வருடத்து வருத்தம். "கேள்வியாகக் கேளுங்கள்" என்று நீதிபதி இரண்டு மூன்று முறை சொன்னாராம். பொறுமையாகத்தான் சொன்னார், அதைச் சொல்ல மறக்கவில்லை அவன். பிறகு இவனே சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து, "நாலு மணிக் கையெழுத்தை எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். காயம்பட்டவனே காயத்தைக் கிளறிக் காட்டவும் வேண்டும், கட்டுப் போடவும் வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

தீர்ப்பை வரி வரியாக எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். எனக்கு ஆங்கிலம் அதிகம் வராது. நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னான். அப்போதுதான் ஒன்று புரிந்தது. இப்படிப்பட்ட வழக்குகளுக்கு 1978-இல் அங்கே ஒரு தீர்ப்பில் அளவுகோல் வகுத்திருக்கிறார்கள். தொழிலாளி தவறு செய்தான் என்று முதலாளி மனதார நம்பினாரா? அந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணம் இருந்ததா? போதிய அளவு விசாரித்தாரா? இவை இருந்தால், அடுத்து, நியாயமான ஒரு முதலாளி இதற்காக வேலையை விட்டு நீக்கக்கூடுமா என்று பார்ப்பார்கள். நீதிபதி தாம் அந்த இடத்தில் இருந்தால் நீக்கியிருப்பாரா என்பது அங்கே கேள்வி இல்லை.

"ரெண்டு மணிக்கு நீ அந்த அம்மாவைப் புரட்டினியா இல்லையான்னு அதுல எங்கயாவது எழுதியிருக்கா மக்கா?" என்று கேட்டேன்.

பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "இல்ல மாமா. அதை முடிவு பண்ண வேண்டிய தேவை இல்லேன்னு எழுதியிருக்கு."

ஒரு வருடத்துக்கு மேல் அவன் தூக்கம் கெட்டு எந்தக் கேள்விக்குப் பதில் தேடி அலைந்தானோ, அந்தக் கேள்வியை அந்தத் தீர்ப்பாயம் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குக் கிடைக்காத பதிலை வைத்துக்கொண்டு தன்னைப் பொய்யன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தீர்ப்பு ஒரு கோரிக்கையைத் தள்ளியது. ஆளைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல ஆறுதல்தான். நானும் அடுத்தபடி, "நீ ஒரு தப்பும் பண்ணலடே" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே, "நாலு மணிக் கையெழுத்து நான் போட்டதுதானே மாமா" என்றான்.

அங்கே நான் வெட்கப்பட்டேன். அன்பினால் சொன்னாலும் பொய் பொய்தான். நாலு மணிக்கு அந்த அம்மா உயிரோடு இருப்பார்களா என்றுகூட ஒரு மணிக்கு யாருக்கும் தெரியாது. அந்தத் தாளை நம்பித்தான் அடுத்து வருபவர் கவனிப்பார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், ஆள் குறைவு என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். அதையெல்லாம் கழித்த பிறகும் அந்தக் கையெழுத்து மிச்சம் நிற்கிறது. தீர்ப்பில் தனக்குச் சேர வேண்டியது எவ்வளவு, சேராதது எவ்வளவு என்று தோற்றவன்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். முழுவதையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வதும் பிசகு, முழுவதையும் எதிராளி மேல் தள்ளிவிடுவதும் பிசகு. இந்தப் பிரிக்கிற வேலைக்கு எந்த பாரிஸ்டரும் வரமாட்டார். பள்ளியறைக் கண்ணாடிக்கு முன்னால் தலைப்பாகை கட்டி நிற்கும்போது நமக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா! ஒருவர், "எல்லாம் கலியோட வேலை" என்றார். கலி என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாக எடுத்து வீசுகிறோம். மழை பெய்யாவிட்டாலும் கலி, மருமகள் எதிர்த்துப் பேசினாலும் கலி. இன்னொருவர், "நடுத்தீர்வையில அந்த மேலாளரை அய்யா பாத்துக்கிடுவார்" என்றார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நடுத்தீர்வையை அடுத்தவனுக்கு விடும் சம்மன் என்று நினைப்பவர்கள், தங்கள் கணக்கும் அன்றைக்கு அங்கேதான் பார்க்கப்படும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சிங்காரத்தோப்புச் சிறையில் அய்யா பட்ட பாட்டை அவனுக்கு நினைவூட்டச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு மனம் வரவில்லை. அய்யாவிடம் குற்றம் ஏதும் இல்லை. நம்மிடம் எப்போதும் கொஞ்சமாவது இருக்கும். அவர் பட்ட பாட்டை எடுத்து நம் வழக்குக்கு உறை தைக்கலாமா?

அவனை அதிகம் வாட்டியது வேறொன்று. அன்றிரவு எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்று மேலாளரிடம் கேட்க மறந்துவிட்டான். தாளில் எழுதி வைத்திருந்தான். பதற்றத்தில் அந்தத் தாள் அடியில் போய்விட்டது. "அதைக் கேட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன் மாமா" என்று எத்தனை முறை சொன்னான் என்று கணக்கில்லை. ஜெயித்திருக்கலாம், ஜெயிக்காமலும் இருந்திருக்கலாம். வக்கீல் வைத்துத் தோற்றவனுக்கு வக்கீலைத் திட்டும் வசதி உண்டு. தானே வாதாடித் தோற்றவன் எதிராளியிடம் ஒரு முறை, தன்னிடம் ஒரு முறை என்று இரண்டு தடவை தோற்கிறான். நான் அவனுக்குச் சொன்னது இதுதான்: பனையேறிப் பழகாதவன் அவசரத்துக்கு ஏறினால் கையும் மாரும் சிராய்க்கும். அதற்கு மருந்து போடலாம். அதைப் பாவம் என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள்.

மேல்முறையீடு பற்றிக் கேட்டான். எழுத்தில் தந்த காரணங்கள் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 42 நாள் கெடு. சட்டத்தில் பிழை இருந்தால்தான் மேலே உள்ள தீர்ப்பாயம் பார்க்கும். நடந்த கதையை மறுபடி கேட்காது. பொறுமை என்று சொல்லி அவனை அடக்க நான் விரும்பவில்லை. தோள்சீலை உரிமைக்காகப் பல்லாண்டு போராடிய மக்களின் பிள்ளைகள் நாம். பொறுமை என்றால் வாய்மூடி இருப்பது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் எதற்காகப் போகிறோம் என்பது தெரிய வேண்டும். "ஒரு தாள் எடு. தீர்ப்புல சட்டப்படி தப்பான வரி எதுன்னு எழுது. ஒண்ணு இருந்தாலும் போ, கடன் வாங்கியாவது நான் பணம் அனுப்புதேன்" என்றேன்.

நாலு இரவு எழுதினான். ஐந்தாம் நாள் கூப்பிட்டு, "தாள் நிறைய அந்த மேலாளர் பேருதான் மாமா இருக்கு" என்றான். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. 42 நாள் கழிந்தது.

இன்னொரு தொல்லை இருந்தது. அந்தத் தீர்ப்புகளை 2017-லிருந்து அரசே இணையத்தில் வெளியிடுகிறது. அவன் பெயரைத் தட்டினால் வந்துவிடும். வேலைக்குப் போகும் இடத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தான். அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீயே சொல்லிவிடு என்றேன். ஓர் இல்லத்தில் சொன்னான். பிறகு தெரிவிக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்திலும் சொன்னான். அங்கே நேர்காணல் நடத்திய அம்மாள், "முன்கூட்டியே ஏன் போட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டாராம். சோம்பலும் அவசரமும் என்றானாம். ஆள் குறைவு என்று சொல்லவில்லையா என்று கேட்டேன். "அது அவங்களுக்கே தெரியும் மாமா" என்றான். இப்போது அங்கேதான் இரவுப்பணி.

அந்த முந்நூறு பக்கக் கட்டு இன்னும் அவன் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அந்தப் பீடையைத் தூக்கி எறியச் சொல்லுங்க என்று என் தங்கை என்னிடம் பல முறை சொல்லிவிட்டாள். நானும் அவனிடம் சொன்னேன்.

"கிடக்கட்டும் மாமா. அந்தத் தாளோட நகல் அதுலதான் இருக்கு."