மடையும் மன்றமும்

நீதிபதி தவறாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அப்படிச் சொல்வதற்கென்றே மேல்முறையீடு என்ற வழியைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. 'அவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்' என்று சொல்லும்போதுதான் வினை வருகிறது. முன்னது அறிவைப் பற்றிய பேச்சு. பின்னது மனத்தைப் பற்றிய பேச்சு. தன் அறிவைக் குறை சொன்னால் மனிதன் ஒருவாறு பொறுத்துக்கொள்வான். மனத்தைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டான். நீதிபதியும் மனிதர்தாமே! ஆனால் மற்ற மனிதருக்கு இல்லாத ஒரு வசதி நீதிமன்றத்துக்கு உண்டு. தன்னைப் பழித்தவனைத் தானே விசாரித்து, தானே தண்டிக்கலாம். அது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, வீரசோழன் என்று நீளும் வானம் பார்த்த பூமியில், கண்மாய் பெருகும் ஆண்டே திருவிழா ஆண்டு. பெருகிய தண்ணீரை முறை வைத்து வயலுக்கு வயல் பிரித்துக் கொடுக்க நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் சொந்த நிலம் இல்லாதவரையே இந்த வேலைக்கு வைப்பது பல ஊர்களின் வழக்கம். நிலம் இல்லாதவருக்குச் சாய்வதற்குக் காரணம் இல்லை என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. எவ்வளவு நுட்பமான கணக்கு, பாருங்கள்! அப்படியிருந்தும் தண்ணீர் குறைகிற மாதத்தில், 'மேல்வயலுக்கு ஒரு நாழிகை கூடுதலாக விட்டுவிட்டான்' என்று ஒருவன் கூச்சல் போடத்தான் செய்வான். உடனே நாலு பேர் மடைக்கு நடந்து போய் பார்ப்பார்கள். முறைக் கணக்கைக் கேட்பார்கள். புகார் பொய்யானால் சொன்னவன் தலைகுனிவான். மெய்யானால் முறை திருத்தப்படும். கேட்ட குற்றத்துக்காக அவன் வயல் மடையை அடைப்பது தர்மம் ஆகாது என்பது எழுத்தறியாத கிழவனுக்கும் தெரியும்.

நீதிமன்றத்தில் இது எப்படி நடக்கிறது? 1967 நவம்பர் 9-ஆம் நாள், கேரள முதலமைச்சராக இருந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் நிருபர்களிடம் பேசினார். சாட்சியம் இரு பக்கமும் சமமாக இருக்கும்போது, நன்றாக உடுத்திய தொந்திக்காரப் பணக்காரனும் கந்தை கட்டிய எழுத்தறியாத ஏழையும் எதிரெதிரே நின்றால், நீதிபதியின் மனம் தன்னையறியாமலே பணக்காரன் பக்கம் சாய்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். கேரள உயர்நீதிமன்றம் இதை அவமதிப்பு என்று கண்டு ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. தீர்ப்பளித்த மூவரில் கே.கே. மாத்யூ என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1970 ஜூலையில் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா குற்றத்தை உறுதி செய்தார். அபராதத்தை ஐம்பது ரூபாயாகக் குறைத்தார். மார்க்ஸையும் எங்கெல்ஸையும் நம்பூதிரிபாட் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றும் அந்தத் தீர்ப்பு விளக்கியது.

எனக்கு அந்தத் தீர்ப்பில் உறுத்துவது அபராதம் அன்று. மார்க்ஸ் என்ன சொன்னார் என்று ஆராய்ந்த மன்றம், கந்தை கட்டிய அந்த ஏழைக்கு நம் நீதிமன்றங்களில் என்ன நேர்கிறது என்று ஆராயவில்லையே என்பதுதான். மடைவரை யாரும் நடக்கவில்லை.

இந்தச் சட்டத்தின் பிறப்பும் பெருமைப்படத்தக்கதாக இல்லை. 1899-இல் லண்டன் பிரிவி கவுன்சில், நீதிமன்றத்தைப் பழிப்பதற்காகத் தண்டிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் ஒழிந்துபோயிற்று என்றது. ஆனால் கறுப்பு மக்கள் மிகுந்த சிறு குடியேற்ற நாடுகளில் அது தேவைப்படலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. வெள்ளையனுக்கு வேண்டாத பூட்டு கறுப்பனுக்கு வேண்டுமாம்! அடுத்த ஆண்டே பர்மிங்காம் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் நீதிபதி டார்லிங்கைக் கேலி செய்து நூறு பவுன் அபராதம் கட்டினார் என்பது வேறு கதை. 2013-இல் இங்கிலாந்து அந்தக் குற்றத்தையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. நாம் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதை வைத்துக்கொண்டிருக்கிறோம். பொதுநலனுக்காக நல்லெண்ணத்துடன் சொன்ன உண்மையை எதிர்வாதமாக மன்றம் ஏற்கலாம் என்ற திருத்தமே 2006-இல்தான் வந்தது.

இத்தனையும் சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் சாய்ந்தவனாகிவிடுவேன். ஒவ்வொரு வழக்கிலும் ஒருவன் தோற்கிறான். தோற்றவன் வாயில் நீதிபதியின் சாதி, மதம், கட்சி எல்லாம் உடனே வந்துவிடும். நீதிபதியோ மேடையேறிப் பதில் சொல்ல முடியாது. பேச ஆளும் பத்திரிகையும் உள்ள பெரிய மனிதர், தமக்குப் பிடிக்காத நீதிபதியை நாள்தோறும் தூற்றிப் பணியவைக்கப் பார்க்கலாம். அதனால் நஷ்டம் யாருக்கு? முன்பு வீரசோழன்காரர் உயர்நீதிமன்றம் போகச் சென்னைக்கு ரயிலேற வேண்டும். 2004-இல் மதுரைக் கிளை வந்த பிறகு காலையில் போய் இரவில் திரும்பலாம். கட்டுச்சோற்றோடு பஸ் ஏறும் அந்த மனிதருக்கு, 'அங்கேயும் ஒன்றும் நடக்காது. எல்லாம் விலைபேசியாயிற்று' என்று ஆதாரமில்லாமல் சொல்கிறவன் அவருடைய கடைசிப் புகலிடத்தைப் பறிக்கிறான். நீதிமன்றத்தில் நம்பிக்கை போனால் அவருக்கு மிஞ்சுவது அடியாள் வைத்திருப்பவனின் திண்ணைதான்.

ஆகவே சாய்வு என்று சொல்கிறவனுக்கு ஒரு கடமை உண்டு: காரணத்தைச் சொல்ல வேண்டும். 1957-இல் அவமதிப்பு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் நின்ற பெரியார், நீதியில் சாதி புகுந்திருக்கிறது என்று தாம் கருதியதற்கான காரணங்களை நீண்ட அறிக்கையாகவே அளித்தார். 'நீதி கெட்டது யாரால்?' என்று அது நூலாகவும் வந்தது. அந்தக் காரணங்களை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். முணுமுணுத்துவிட்டு ஓடாமல் நின்று சொன்னதை மதிக்காமலிருக்க முடியாது.

காரணம் சொன்னவனுக்கு மன்றம் பட்டிருக்கும் கடன் என்ன? மதுரைக்கு இந்தப் பாடம் பழையது. கண்ணகி அரசவையில் நின்று அரசன் மேலேயே குற்றம் சாட்டினாள். அதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா? பாண்டியன் அவளைச் சிறையில் அடைக்கச் சொல்லவில்லை. சிலம்பைக் கொண்டுவரச் சொன்னான். முத்தா மாணிக்கமா என்று பார்த்த பிறகே தீர்ப்பு, அதுவும் தனக்கு எதிராக! கோவலனைக் கொன்ற அவசரத்துக்காக அவனை நாம் மன்னிப்பதில்லை. ஆயினும் அவன் பெயர் இழிபெயராகாமல் நின்றது, அந்தச் சிலம்பைப் பார்க்க இசைந்ததால்தான்.

1970-இல் ஐம்பது ரூபாய். 2020-இல், தலைமை நீதிபதிகளைப் பற்றி எழுதியதற்காக வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த அபராதம் ஒரு ரூபாய். தண்டிக்காமலும் இருக்க முடியவில்லை, தண்டிக்கவும் கை கூசுகிறது என்றுதான் அந்த ஒரு ரூபாயை நான் படிக்கிறேன். அடுத்த வீட்டு இலங்கையில் அந்தக் கூச்சமும் இல்லை. 2021-இல் ரஞ்சன் ராமநாயக்க என்ற நாடாளுமன்ற உறுப்பினருக்கு நான்கு ஆண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். ஒரு ரூபாயானாலும் நான்கு ஆண்டானாலும், சொன்னவன் வாய் அடைபடலாம். கேட்டவன் மனத்தில் விழுந்த சந்தேகம் அடைபடுவதில்லை. அதைத் தீர்க்க ஒரே வழி, காரணங்கள் தெளிவாக எழுதப்பட்ட தீர்ப்பு. வாதியும் பிரதிவாதியும் வெளியாரும் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய மடை அதுதான். தண்ணீர் நேராகப் போகிறது என்று கண்ணால் கண்டவனிடம், நீர்பாய்ச்சியை யார் பழித்தாலும் அந்தப் பழி ஒட்டாது.