லீவில் வந்திருக்கிறார்

கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ தேவிபட்டினத்திலோ வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்திறங்கினால், தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள். "எப்ப வந்தீங்க? எப்பக் கிளம்புறீங்க?" இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிடும் இடைவெளிகூட இருக்காது. கேட்பவர் மனதில் கள்ளம் ஏதுமில்லை, நலம் விசாரிக்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் தான் கட்டிய வீட்டு வாசலில் நிற்கிற மனிதரிடம் விருந்தாளியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போகிறார்.

விடுமுறையைப் பற்றியும் வெளிநாட்டுச் சுற்றுலாவைப் பற்றியும் பத்திரிகைகளில் வருவதைப் படிக்கும்போது எனக்கு இந்தக் கேள்விகள்தாம் நினைவுக்கு வரும். அந்தக் கட்டுரைகளில் ஊர் என்பது உழைக்கிற இடம், வெளிநாடு இளைப்பாறுகிற இடம். வருடம் முழுக்க இங்கே பாடுபட்டு, சில நாள் அங்கே போய்க் களைப்பாறித் திரும்ப வேண்டும். இராமநாதபுரம் கடற்கரையில் இந்தக் கணக்கு தலைகீழ். எங்களுக்கு வெளிநாடுதான் பாடுபடும் இடம். லீவுக்கு வருவது ஊருக்கு. அப்படி வருகிறவர் இங்கே இளைப்பாறுகிறாரா என்றால், அதுவும் இல்லை.

கடல் தாண்டுவது இந்தக் கரைக்குப் புதிதில்லை. பெரியபட்டினத்து மண்ணைத் தோண்டியவர்களுக்குச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. பதினேழாம் நூற்றாண்டில் சீதக்காதியின் மரக்கலங்கள் கீழக்கரையிலிருந்து ஓடின. பிறகு ரயில் வந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்ததும், சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயிலேறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். கப்பல் நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது, இராமேஸ்வரம் எக்ஸ்பிரஸை ஊர்க்காரர்கள் இன்னமும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தப் பாதையில் இரண்டு வகை ஆட்கள் போனார்கள். தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் வசதியுள்ள வியாபாரிகளும் ஒரு வகை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்கள் இன்னொரு வகை. இவர்கள் நேரே கப்பலேற முடியாது. மண்டபத்தில் இலங்கை அரசே இந்திய மண்ணில் நடத்திய முகாமில் தங்கவைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று உறுதியான பிறகே அனுப்புவார்கள். கடக்க வேண்டிய கடல் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான், முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரு கூட்டம் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்தபடி போனது. மற்றக் கூட்டத்துக்குக் கையில் துண்டுச்சீட்டும் தலையில் கடனும்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலோடு தனுஷ்கோடியையும் கொண்டுபோயிற்று. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது, எண்பதுகளில் இனக்கலவரம் மூண்டதும் அதுவும் நின்றது. மண்டபம் முகாம் மறுபடி நிரம்பியது, இந்தமுறை அக்கரையிலிருந்து ஓடிவந்தவர்களால். 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோதும் கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்து இறங்கினார்கள். மீனவருக்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டினால் வெளிநாடு, போய்ச் சேரும் இடம் சிறைச்சாலை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வருவதுதான் இந்தக் கடலில் மிச்சமிருக்கும் ஒரே உல்லாசப் பயணம். இரு கரைச் சொந்தங்களும் பார்த்துப் பேசிக்கொள்ளும் அந்தத் திருவிழாவும் போர்க்காலத்தில் நின்றுபோய்ப் பின்னர்தான் மீண்டது.

கடல் தாண்டும் பழக்கத்தில் வளர்ந்த ஊர், கொழும்பும் ரங்கூனும் கைவிட்ட பிறகு வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போயிற்று. சபர் போகிறவர் போவார், வீடு காத்திருக்கும், பணம் வரும், வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ ஆளும் வருவார்.

வந்தவரின் லீவு எப்படிப் போகிறது? மதுரை விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே பட்டியல் தொடங்கிவிடும். மறுநாள் அட்டைப்பெட்டியைப் பிரித்து யாருக்குக் கோடாலித் தைலம், யாருக்குச் சென்ட், யாருக்குப் பால்பவுடர் என்று பங்கிட வேண்டும். பங்கீட்டில் ஒரு வீடு விட்டுப்போனால் அடுத்த லீவு வரை அந்த வருத்தம் நிற்கும். இவர் வருகைக்காகத் தள்ளிப்போட்ட கல்யாணங்கள் வரிசையில் நிற்கும். கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக் கொத்தனார் கணக்கு, பட்டா மாறுதல், பிள்ளைக்குப் பள்ளிக்கூட இடம், உம்மாவின் கண் ஆபரேஷன், மையித்து வீடுகளில் பிந்திப்போய்த் துக்கம் கேட்பது, எல்லாமே இவர் காலுக்குக் காத்திருக்கும். கடைசி வாரம் கருவாடும் மாசியும் ஊறுகாயும் பொதிகட்டுவதில் போகும். போகும்போது வந்ததைவிட இளைத்துத்தான் போவார். அங்கே போய் அறையில் படுத்தால்தான் தூக்கம் வந்தது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

என் மாமா அப்படி ஒருவர். துபாயில் தேராப் பக்கம் ஒரு கிடங்கில் இளமையைக் கழித்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். நாங்கள் குடும்பமாகத் துபாய்க்குச் சுற்றுலா போனபோது அவரையும் வற்புறுத்திக் கூட்டிப்போனோம். "பார்த்த ஊர்தானே மாப்ள" என்றார். உண்மையில் பார்க்காத ஊர். கிடங்குக்கும் அறைக்கும் நடுவில் ஓடிய பஸ்ஸின் ஜன்னலில் தெரிந்ததும், சரக்கோடு போன படகுத்துறையும் மட்டும்தான் அவர் பார்த்த துபாய். 828 மீட்டர் உயரத்துக்கு எழுந்த புர்ஜ் கலீஃபா 2010இல் திறந்தபோது அவர் அங்கேதான் இருந்தார், ஒருநாளும் அதன் வாசலுக்குப் போனதில்லை. "அங்க எனக்கு என்ன வேலை?" என்றார். அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. வேலையில்லாத இடத்துக்குப் போவதற்கு அவருக்குக் காரணம் தெரியவில்லை.

ஹோட்டலில் காலையில் எழுந்ததும் தன் படுக்கையைத் தானே மடித்து வைத்தார், குளியலறையைத் துடைத்தார். அதற்கு ஆள் வருவார் என்றால், "அவன் பாவம்" என்றார். அறை சுத்தம் செய்ய வந்த பையனிடம் அரைகுறை இந்தியில் முதலில் கேட்டது, "லீவு எப்ப?" ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது என்று அவன் சொன்னதும் பையில் கைவிட்டு அவர் கொடுத்த பணத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை, அன்று மதியம் எங்கள் எல்லோருக்கும் சாப்பிட ஆனதைவிடக் கூடுதலாக இருக்கும். ஊரில் எப்பக் கிளம்புறீங்க என்று கேட்டே அவரைக் களைக்க வைத்தோம். இங்கே அவர் கேட்டது கிட்டத்தட்ட அதே கேள்விதான், அந்தப் பையன் முகம் மலர்ந்துவிட்டது. அவன் ஊருக்குப் போவதைப் பற்றி அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போலும்.

மாமாவுக்குப் பிடித்தது ஒரு திர்ஹாம் கொடுத்து ஓடையைக் கடக்கும் அப்ராப் படகு. தேராவிலிருந்து பர்துபாய், பர்துபாயிலிருந்து தேரா என்று போய்ப்போய் வந்தார். கரையில் மரக்கலங்களில் மூட்டை ஏற்றுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முன்பு இதே இடத்துக்குச் சரக்கோடு எத்தனை தடவை வந்திருப்பார். உட்கார்ந்ததில்லை. "யாராச்சும் கூப்டுவாங்கன்னே இருக்கு மாப்ள," என்றார் எழும்போது.

அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. ஓய்வு என்பதை ஒருவர் தானாக எடுத்துக்கொள்ளும் பொருள் என்று நினைத்திருந்தேன். டிக்கெட் போட்டால், அறை எடுத்தால், செல்போனை அணைத்தால் அது வந்துவிடும் என்றுதான் விளம்பரங்களும் சொல்கின்றன. மாமாவிடம் இதெல்லாம் இருந்தது. அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற உறுதியை மட்டும் வாழ்நாளில் யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. அது நாமே எடுத்துக்கொள்ளக் கூடியதில்லை, மற்றவர் கொடுக்க வேண்டியது.

இதை எங்கள் கரை முன்னமே அறிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. காசியிலிருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்துவந்தவர்களுக்காகச் சேதுபதிகளும் தஞ்சை மராட்டிய அரசர்களும் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். நடந்து களைத்தவன் தன் சோற்றையும் நிழலையும் தானே தேட வேண்டாம், ஊர் பார்த்துக்கொள்ளும். இன்றைக்கும் ராமநாதசுவாமி கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளியில் இறைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பீகாரிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் சொட்டச் சொட்ட ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். முன்னோருக்குத் திதி கொடுத்து, கிணறு கிணறாக நனைந்து, கடனெல்லாம் தீர்ந்த பிறகு, கடைத்தெருவில் சங்கு விலை பேசுகிற அந்தப் பாட்டிகளின் முகத்தில் ஒரு சிறுபிள்ளைத்தனம் இருக்கும். இங்கே அவர்களை யாருக்கும் தெரியாது. அவர்கள் செய்ய வேண்டியது பாக்கி எதுவுமில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தைச் சாலைப் பாலத்திலிருந்து படம் பிடித்துவிட்டு, அரிச்சல்முனையில் இன்னும் நாலு படம் பிடித்துக்கொண்டு, இருட்டுமுன் மதுரைக்கு விரைகிற கார்க்காரர்களின் முகத்தில் அதைப் பார்க்க முடிவதில்லை. அவர்களுக்கு இன்னும் மூன்று இடம் பாக்கி.

கடலுக்கும் இங்கே லீவு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்பதற்காக அரசு போட்ட தடை. அது மீனுக்கு ஓய்வு, மீனவருக்கு இல்லை. அந்த நாட்களில் அவர் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார், வலை பின்னுகிறார், நிவாரணப் பணம் போதாமல் கேரளத்துக்குக் கூலிக்கும் போகிறார். துபாயிலும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30இலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாதென்று சட்டம். மீனானாலும் மேஸ்திரியானாலும், யாரோ ஒருவர் எழுதிக்கொடுத்தால்தான் ஓய்வு கிடைக்கிறது. அப்படியிருக்க, வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு மட்டும் அதை யார் எழுதிக்கொடுப்பது?

வெளிநாட்டுச் சுற்றுலா கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கையில் வசதி உள்ளவர்கள் போகட்டும். தாத்தா கூலியாய்ப் போன இலங்கைக்குப் பேரன் கேமராவோடு போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது, எங்கள் பக்கத்துக் கப்பலும் ஒருநாள் வரும் என்று நம்பிய பெரியவர்கள் உண்டு. ஆனால் போகிற இடத்தில் இளைப்பாறக் கற்காதவருக்குக் கப்பலும் விமானமும் ஒன்றும் செய்துவிடாது. அந்தப் படிப்பு வீட்டில்தான் தொடங்க வேண்டும், அதுவும் போகிறவரிடமிருந்து இல்லை, வீட்டில் இருக்கிறவர்களிடமிருந்து.

அதனால் என் தங்கை மகன் ஷார்ஜாவிலிருந்து வந்தபோது நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அவன் வரும் தேதியை வெளியே சொல்லவில்லை. பட்டா, கொத்தனார், கல்யாணம் எதையும் முதல் சில நாட்களுக்கு அவன் காதில் போடவில்லை. அவன் மதியம் வரை தூங்கினான். லுங்கியோடு மீன்கடைக்குப் போய் நகரை மீன் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வந்தான். சாயங்காலம் ஜெட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தான். நாலாம் நாள் குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது என்று உம்மாவோடு சண்டை பிடித்தான். விருந்தாளி அப்படிச் சண்டை பிடிக்க மாட்டான், ஆகவே சரியான வழியில்தான் போகிறோம் என்று என் தங்கையிடம் சொன்னேன். அவள் முறைத்தாள்.

விஷயம் தெரிந்ததும் உறவினர்கள் கோபித்துக்கொண்டார்கள். வந்ததைச் சொல்லவில்லை, எங்களை மதிக்கவில்லை என்று ஒரு பெரியம்மா இன்னும் பேசுவதில்லை. கொடுப்பதற்கு விலை உண்டு, அதை வாங்குகிறவன் தலையில் கட்டக் கூடாது. பெரியம்மாவை நான் போய்ச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அடுத்த லீவுக்கும் தேதியைச் சொல்வதாக இல்லை.